நாடியில் தொலையும் துடிப்புகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் பிரஷர் மெஷின் ஒன்று அநேகமாக இருக்கும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். பட்டியைக் கையில் சுற்றிப் பொத்தானை அமத்தினால் மூன்று எண்கள் வரும். முதல் இரண்டும் குருதி அமுக்கம், மூன்றாவது நாடித்துடிப்பு. சிலருக்கு இந்த மூன்றாவது எண் ஒரு நிலையில் நிற்காது. முதல் தரம் 76, ஐந்து நிமிடம் கழித்து 94, திரும்பப் பார்த்தால் 68. மெஷின் பழுதென்று பற்றரியை மாற்றிப் பார்ப்பார்கள். எண் அப்போதும் நிற்காது.

அதே ஆளிடம் இன்னொரு முறைப்பாடும் இருக்கும். "ஒரு வேலையும் பெரிசாச் செய்யேல்ல. ஆனா குளிச்சிட்டு வந்தாலே கட்டில்ல விழவேண்டிக் கிடக்கு." இரத்தப் பரிசோதனை செய்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. வயது போனால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். மெஷின் காட்டும் தடுமாற்றமும் இந்தக் களைப்பும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும் என்று நினைப்பவர்கள் குறைவு.

இரண்டையும் இணைக்கும் பரிசோதனை பழையது, செலவில்லாதது. ஒருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துத் துடிப்பை எண்ணுவார். அதே நிமிடத்தில் இன்னொருவர் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணுவார். ஒழுங்கான இதயத்தில் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும். இவர்களிடமோ நெஞ்சில் 112, கையில் 86 என்று வரலாம். 26 துடிப்புகள் வழியில் தொலைந்துவிட்டன. நாடிக் குறைவு என்பது இதற்கான பெயர். இதயம் சுருங்கியது உண்மை, ஓசையும் கேட்டது. ஆனால் மணிக்கட்டு வரை ஓர் அலையை அனுப்பும் அளவுக்குக் குருதி அந்தச் சுருக்கத்தில் இருக்கவில்லை. உழைப்பு நடந்திருக்கிறது, உடலுக்கு எதுவும் வந்து சேரவில்லை.

துடிப்புகள் எப்படித் தொலைகின்றன என்பதை அறிய இதயத்தின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

இதயத்தின் மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள் என்று பாடசாலையில் படித்திருப்போம். வலது சோணையறையின் மேல்மூலையில் குடாச் சோணைக் கணு என்ற சிறு இழையத் திட்டு இருக்கிறது. 1907இல் ஆதர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இதை விவரித்தார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அங்கே ஒரு மின்தூண்டல் பிறக்கிறது. அது சோணையறைகளில் பரவ, அவை சுருங்கிக் குருதியைக் கீழே தள்ளுகின்றன. நடுவிலுள்ள சோணை இதயவறைக் கணுவில் தூண்டல் ஒரு கணம் தாமதித்து, பிறகு இதயவறைகளுக்குள் இறங்குகிறது. அவை சுருங்கிக் குருதியை நுரையீரலுக்கும் உடலுக்கும் அனுப்புகின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை இந்த வரிசை பிசகாமல் நடக்கவேண்டும்.

சிலருக்கு அந்த வரிசை குலைகிறது. சோணையறைச் சுவரில் ஒரே அலைக்குப் பதிலாகப் பல மின்னலைகள் ஒன்றோடொன்று மோதிச் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 350க்கும் 600க்கும் இடைப்பட்ட தூண்டல்கள் எழுகின்றன. இந்த வேகத்தில் எந்தத் தசையாலும் முறையாகச் சுருங்க முடியாது. சுவர் வெறுமனே நடுங்குகிறது. நடுவிலுள்ள கணு இந்த வெள்ளத்தில் ஒரு பகுதியை மட்டும், எந்த ஒழுங்குமில்லாமல், கீழே விடுகிறது. ஆகவே இதயவறைத் துடிப்பு வேகமாகவும் தாறுமாறாகவும் ஆகிவிடுகிறது. வைத்தியர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றும் சுருக்கமாக ஏ.எஃப். என்றும் சொல்வது இதைத்தான். தமிழில் சோணையறை நடுக்கம் எனலாம்.

நெஞ்சைத் திறக்காமல் இதைக் கண்டுபிடித்த கதை நீளமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் மக்கன்சி என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், கழுத்து நாளத்தின் அசைவையும் கை நாடியின் அசைவையும் ஒரே தாளில் பதியும் கருவியை வைத்திருந்தார். சில நோயாளர்களின் நாடி ஒழுங்கிழந்த நாளிலிருந்து, கழுத்தில் சோணையறை எழுப்பும் அலை காணாமற்போனதை அவர் கவனித்தார். சோணையறை வாதப்பட்டுவிட்டது என்று நினைத்தார். பிறகு நெதர்லாந்தில் வில்லெம் ஐந்தோவன் இ.சி.ஜி. கருவியை உருவாக்கினார். அதைக்கொண்டு 1909இல் இலண்டனில் தோமஸ் லூயிஸ் பார்த்தபோது, சோணையறை ஓய்ந்துபோயிருக்கவில்லை. ஓயாத சிறு நடுக்கமாக அது பதிவில் தெரிந்தது. இதே ஒழுங்கின்மை உள்ள குதிரை ஒன்றின் இதயத்தை நேரடியாகப் பார்த்தும் அவர் அதை உறுதிசெய்தார். இன்று கிளினிக்கில் சில நிமிடத்தில் எடுக்கும் இ.சி.ஜி. தாளில் வைத்தியர் தேடும் அடையாளங்களும் அவைதான்: சோணையறையின் சிறு மேடு இல்லை, அடிக்கோடு நடுங்குகிறது, உயர்ந்த கூர்களுக்கு இடையிலான தூரம் ஒன்றுபோல் இல்லை.

இனிக் களைப்புக்கு வருவோம்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 12 பஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் தரிப்பில் சேரும் சனம் ஒவ்வொன்றிலும் அளவாக ஏறிப்போகும். அதே 12 பஸ்ஸும் கண்டபாட்டுக்கு வந்தால்? முதல் பஸ் போய் அரை நிமிடத்தில் இரண்டாவது வருகிறது. ஏற ஆளில்லை, வெறுமையாக ஓடுகிறது. பிறகு பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அதற்கடுத்து வருவது மிதிபலகை வரை நிறைந்தும் பாதிச் சனம் தரிப்பிலேயே நிற்கிறது. பஸ்ஸின் எண்ணிக்கை குறையவில்லை, எரிந்த டீசலும் குறையவில்லை, ஆனால் போய்ச்சேர்ந்தவர்கள் குறைவு.

இதயவறை நிரம்புவதற்கும் நேரம் வேண்டும். இரண்டு துடிப்புகள் நெருங்கி வந்தால் இரண்டாவது துடிப்பு வெறும் பஸ்தான். நாடியில் தொலைந்த துடிப்பு அது. ஏறமுடியாமல் தரிப்பில் நின்ற சனம், நுரையீரல் பக்கம் தேங்கி நிற்கும் குருதி. அங்கே அமுக்கம் ஏறும்போது மாடிப்படியில் இளைக்கிறது. இன்னொரு நட்டமும் உண்டு. இதயவறைக்குள் குருதியின் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு அளவைச் சோணையறை சுருங்கித் தள்ளி ஏற்றவேண்டும். நெரிசலில் கடைசி நாலு பேரை உள்ளே தள்ளி ஏற்றும் கொண்டக்டரின் வேலை அது. நடுங்கும் சோணையறையால் அந்த வேலையைச் செய்ய முடியாது. நீண்டகாலப் பிரஷரால் இதயச்சுவர் தடித்து விறைத்தவர்களுக்கும், சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் இருகூர் வால்வு சுருங்கியவர்களுக்கும் இந்தக் கடைசித் தள்ளல் மிகவும் முக்கியம். அதனால்தான் ஒரே நோய் ஒருவருக்குத் தெரியாமலே இருக்க, இன்னொருவரைப் படுக்கையில் போட்டுவிடுகிறது.

வேகம்தான் பிரச்சினையா, ஒழுங்கின்மையும் ஒரு பிரச்சினையா? இது பயனுள்ள கேள்வி. ஏனென்றால் "உங்கள் துடிப்பு இப்போது 80தானே, நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் நோயாளர்கள் பலர். அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு குழு 1997இல் இதற்கு அழகான பரிசோதனை ஒன்றைச் செய்தது. 16 நோயாளர்களின் இதயவறைகளைப் பேஸ்மேக்கர் தூண்டலால் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை ஒரே சீரான இடைவெளியில் துடிக்கவிட்டார்கள். மறுதடவை, முன்பே பதிவுசெய்து வைத்த சோணையறை நடுக்கத்தின் தாறுமாறான இடைவெளிகளில் துடிக்கவிட்டார்கள். சராசரி வேகம் இரண்டு தடவையும் ஒன்றே. சீரான துடிப்பில் இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 5.2 லீற்றர் குருதியை வெளியேற்றியது. தாறுமாறான துடிப்பில் அது 4.4 லீற்றர். நுரையீரல் பக்க அமுக்கமும் கூடியது. வேகத்தை மாற்றாமல் ஒழுங்கை மட்டும் எடுத்துவிட்டதற்கே இந்த இழப்பு. துடிப்பு 80 இருந்தும் களைக்கிறது என்று சொல்பவர் கற்பனையில் பேசவில்லை.

மேலும் அந்த 80 எங்கே எடுக்கப்பட்டது? கிளினிக் வாங்கில் ஒரு மணித்தியாலம் காத்திருந்து, கதிரையில் அமர்ந்தபின் எடுத்தது. லிஃப்ட் வேலைசெய்யாத நாளில் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது, அல்லது விவேகானந்த மேட்டில் மரக்கறிப் பையோடு ஏறும்போது அதே இதயம் சட்டென்று 150க்குப் பாயலாம். ஒழுங்கான இதயம் தேவைக்கேற்ப மெல்ல வேகமேறும். நடுங்கும் இதயம் தேவைக்கு மிஞ்சிப் பாயும், நிரம்ப நேரமில்லாமல் போகும். ஆகவே நடந்து, படியேறி, உடனே எடுத்த துடிப்பையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். 24 மணித்தியாலம் உடலில் கட்டிவிடும் ஹோல்டர் கருவி இதை நன்றாகக் காட்டும். துடிப்பு வாரக்கணக்கில் 120, 130 என்று ஓடினால் இதயத்தசையே தளர்ந்துவிடுவதும் உண்டு. வேகத்தை அடக்கினால் பெரும்பாலும் அது திரும்பத் தேறும்.

ஆனாலும் எல்லாக் களைப்பையும் இந்த நடுக்கத்தின் தலையில் கட்டிவிடக்கூடாது. குருதிச்சோகை, தைரொயிட் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு எல்லாம் களைப்பைத் தரும். இவற்றில் தைரொயிட் மிகைப்பும் உறக்க மூச்சுத்தடையும் நடுக்கத்தையே கிளப்பிவிடவும் கூடியவை. பக்கத்தில் படுப்பவருக்குத் தூக்கம் போகும் அளவுக்குக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறவர் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். நாங்கள் குறட்டையை வைத்தியரிடம் சொல்வதில்லை, அது ஒரு வருத்தமா என்று விட்டுவிடுகிறோம்.

குளிசையும் களைப்பைத் தரும். வேகத்தை அடக்க முதலில் கொடுப்பது பெரும்பாலும் பைசோப்ரொலோல், அட்டனொலோல் போன்ற பீற்றா தடுப்பிகள். இவை நல்ல மருந்துகள், பலருக்கு அவசியமானவை. ஆனால் சிலருக்குக் கைகால் ஈயமாகக் கனக்கும். பர்மிங்காமில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட, நடுக்கம் நிரந்தரமாகிவிட்ட 160 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்குப் பைசோப்ரொலோல், மறுபகுதிக்கு டிஜொக்சின். டிஜொக்சின் புதிய மருந்தல்ல. அதன் வேர் 1785இல் வில்லியம் விதரிங் எழுதிவைத்த ஃபொக்ஸ்குளோவ் செடியின் இலையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் உடல்நலம் பற்றி நோயாளர்களே கொடுத்த மதிப்பீட்டில் இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் டிஜொக்சின் எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவுகள் குறைவு, ஒரு வருட முடிவில் அறிகுறிகளும் குறைவு. எல்லோரும் மருந்தை மாற்றவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. டிஜொக்சினுக்கும் சிறுநீரகம், அளவு என்று தனிக் கவனங்கள் உண்டு. "இந்தக் குளிசை தொடங்கிய பிறகுதான் எனக்கு இப்படி" என்ற வாக்கியம் வைத்தியரின் காதுக்குப் போகவேண்டிய தகவல் என்பதே அர்த்தம். பீற்றா தடுப்பியை நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. துடிப்பு முன்னைவிட வேகமாகக் கிளம்பும்.

சிகிச்சைத் தெரிவுகளுக்குள் போகுமுன் ஒரு விடயத்தைப் பிரித்து வைக்கவேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிர்போகும் குழப்பம் நடக்கிறது. நடுங்கும் சோணையறையில் குருதி தேங்குகிறது, முக்கியமாக இடது சோணையறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில். தேங்கிய குருதி உறையலாம். அந்த உறைவு மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது. ஆகவே வயது, பிரஷர், சீனி போன்றவற்றைக் கணக்கிட்டு உறைவெதிர்ப்புக் குளிசை தருகிறார்கள். அது களைப்பை ஒரு துளியும் குறைக்காது. குறைக்கவில்லை என்று அதை நிறுத்துவதும், களைப்பே இல்லை என்று அதைத் தொடங்காமல் விடுவதும் ஒரே பிழை. அஸ்பிரின் இதற்கு ஈடாகாது. அபிக்சபான் என்ற குளிசையை அஸ்பிரினோடு ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில், அபிக்சபான் எடுத்தவர்களின் பாரிசவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கோ பழைய உறைவெதிர்ப்புக் குளிசையான வார்ஃபரினே மேல் என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விடத் தேவையில்லை. இந்தக் கிழமை தினமும் வல்லாரைச் சம்பலும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் என்று ஆடாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை எடுக்கவேண்டும். யாரும் வந்து பார்க்கட்டும் என்று இருக்கக்கூடாது.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பதே எங்கள் நாட்டில் நெடுங்காலம் தேடப்படாத கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வட மாகாணத்தில் 50 வயது கடந்தவர்களிடையே கையடக்க இ.சி.ஜி. கருவியோடு சென்று இந்த நடுக்கத்தைத் தேடும் ஆய்வில் இறங்கினார்கள். பிரேசிலும் சீனாவும் இதே திட்டத்தில் பங்குகொண்டன. விரல்களை இரண்டு தகட்டில் வைத்தால் அரை நிமிடத்தில் பதிவு கிடைக்கும் கருவி அது. கொழும்பில் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியவர்களைத் தேடிப்போகவும் அப்படி ஒரு முயற்சி வேண்டும் என்பது என் ஆசை.

இனிக் கேள்வி: துடிப்பின் வேகத்தை மட்டும் அடக்கிக்கொண்டு நடுக்கத்தோடு வாழ்வதா, அல்லது இயல்பான ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவர முயல்வதா?

2002இல் வெளியான அஃபர்ம் என்ற ஆய்வு 4,060 பேரை இந்த இரண்டு வழியிலும் பிரித்துப் பின்தொடர்ந்தது. உயிர் பிழைப்பில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதன்பின் உலகெங்கும் பல வைத்தியர்கள் வேகக் கட்டுப்பாட்டோடு திருப்தியடைந்தார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது யாரைப் பற்றிய முடிவு என்பதையும் பார்க்கவேண்டும். சேர்ந்தவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 70. இரண்டு வழியில் எதுவும் சரி என்று ஏற்றுக்கொள்ளக் கூடியவர்கள்தான் சேர்ந்திருப்பார்கள். களைப்பால் எழும்ப முடியாத ஒருவர் சீட்டுக் குலுக்கலுக்குச் சம்மதிப்பது அரிது. அதோடு அங்கே ஒழுங்கை மீட்கப் பயன்பட்டவை அன்றைய மருந்துகள், அவற்றுக்கே தீமைகள் இருந்தன. எது உயிரைக் காக்கும் என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. எது என் களைப்பைத் தீர்க்கும் என்பது வேறு கேள்வி.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் தேட ஒரு வழி இருக்கிறது. குறுகிய மயக்கத்தில் நெஞ்சின்மேல் மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்கை மீட்பது. 1962இல் பேர்னார்ட் லௌன் இதை, துடிப்போடு நேரம் பொருத்திக் கொடுக்கும் பாதுகாப்பான முறையாக ஆக்கினார். பலருக்கு நடுக்கம் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். அதனால் இது வீண்வேலை என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சில வாரங்களே ஒரு பரிசோதனை. நாடி ஒழுங்காக இருந்த நாட்களில் மாடிப்படி இலேசாக இருந்ததா, மத்தியானத் தூக்கம் இல்லாமல் இருக்க முடிந்ததா? ஆம் என்றால் களைப்பின் காரணம் நடுக்கம்தான், மேற்கொண்டு முயல்வதில் பொருளுண்டு. ஒழுங்கு வந்தும் களைப்பு அப்படியே இருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும். ஆபத்துள்ள இன்னொரு சிகிச்சையிலிருந்து அவர் தப்பிவிடுகிறார். மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. நெடுநாள் நடுங்கிய சோணையறை மின்னொழுங்குக்கு வந்த பிறகும் முழுப்பலத்தோடு சுருங்கச் சில வாரம் எடுக்கும். உறைவும் அப்போதுதான் கிளம்பக்கூடும். அதனால் வழமையாக மூன்று வாரம் முன்பிருந்தே உறைவெதிர்ப்புக் குளிசை எடுத்திருக்கவேண்டும், பின்னரும் நான்கு வாரமாவது தொடரவேண்டும்.

நோயாளரின் சொல்லிலிருந்தே ஒழுங்கை மீட்கும் முதல் மருந்து வந்தது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1912இல் கார்ல் வெங்கபாக் என்ற பேர்பெற்ற இதய வைத்தியரிடம் ஒரு டச்சு வணிகர் வந்தார். அவருக்கு நடுக்கம் விட்டுவிட்டு வந்தது. தன்னால் உறுதி எதுவும் தரமுடியாது என்றார் வைத்தியர். தானே அதை நிறுத்துவேன் என்றார் வணிகர். மறுநாள் ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். மலேரியா உள்ள நாடுகளில் எல்லா வருத்தத்துக்கும் விழுங்கப்பட்ட குயினைனை ஒரு கிராம் எடுத்திருந்தார். அதை ஆராய்ந்தபோது அதன் உறவுப்பொருளான குயினிடின் இன்னும் பலமாக வேலைசெய்வது 1918இல் தெரியவந்தது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே இந்தக் குயினைன் தரும் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்க்கத்தான். கோப்பி அழிந்த காலத்தில் மலையகத் தோட்டங்களில் எங்கள் தமிழ்த் தொழிலாளர்கள் உரித்த அந்தப் பட்டை மலேரியாவுக்காகக் கப்பலேறியது. குயினிடின் இன்று இந்த நோய்க்குப் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. அமியோடரோன், ஃபிளெக்கனைட் போன்றவை வந்துவிட்டன. அமியோடரோன் பலமானது, ஆனால் தைரொயிட்டையும் நுரையீரலையும் தாக்கக்கூடியது. அதை எடுப்பவர்கள் குருதிப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

மருந்தைத் தாண்டிய வழி 1998இல் திறந்தது. பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர், விட்டுவிட்டு நடுக்கம் வரும் 45 பேரின் சோணையறைக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, முதல் பொறி எங்கே கிளம்புகிறது என்று தேடினார்கள். கிடைத்த 69 பொறிகளில் நூற்றுக்கு 94, நுரையீரலிலிருந்து குருதியைக் கொண்டுவரும் நாளங்களின் வாயிலுக்குள் இருந்தன. சோணையறைத் தசை கொஞ்சத் தூரம் அந்த நாளங்களுக்குள்ளும் படர்ந்திருக்கிறது. தூண்டல்கள் அங்கிருந்து புறப்பட்டன. அந்த வாயில்களைச் சுற்றி மின்னோட்டம் கடக்கமுடியாத வடு ஒன்றைப் போட்டுவிட்டால் பொறி உள்ளேயே அடங்கிவிடும். தொடையிடுக்கு நாளத்தின் வழியாகக் கம்பியைச் செலுத்தி, சூட்டாலோ உறைகுளிராலோ அதைச் செய்கிறார்கள். அண்மையில் மின்துடிப்பாலும் செய்கிறார்கள். அப்லேஷன் என்பது இதுவே. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதயத்தின் மின்னோட்டக் கோளாறுகளுக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. தனியாரிடம் சனல் பண்ணி ஆலோசனை கேட்போரும், சென்னைக்குப் போவதா என்று யோசிப்போரும் உண்டு.

விட்டுவிட்டு வரும் நடுக்கத்தில் முதல் தடவையிலேயே பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் ஒரு வருடம் வரை நடுக்கமின்றி இருப்பார்கள். தொடர்ந்து நீடிக்கும் நடுக்கத்தில் அது குறையும். சிலருக்கு இரண்டாவது தடவை செய்யவேண்டி வரும். இதயத்தைச் சுற்றிக் குருதி கசிவது, பாரிசவாதம் போன்ற பாரிய சிக்கல்கள் நூறில் சிலருக்கு வரலாம். இந்த எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளரின் உரிமை. செய்பவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல.

சிகிச்சை நடந்ததென்ற நம்பிக்கையே களைப்பைப் போக்குகிறதோ என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. 2019இல் வெளியான, 2,204 பேர் கொண்ட கபானா ஆய்வில் அப்லேஷன் செய்தவர்களின் வாழ்க்கைத்தரம் மருந்து எடுத்தவர்களைவிட உயர்ந்திருந்தாலும், தாங்கள் எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரித்தானியாவில் 126 பேர் சம்மதித்த ஓர் ஆய்வு 2024இல் இதைத் தீர்த்தது. பாதிப்பேருக்கு உண்மையான அப்லேஷன், மீதிப்பேருக்கு மயக்கமருந்தோடு வெறும் பாவனை. யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆறு மாதத்தில், உண்மையாகச் செய்யப்பட்டவர்களுக்கு நடுக்கமும் குறைந்தது, அறிகுறிகளும் தெளிவாகக் குறைந்தன. தங்கள் களைப்பை நம்பவைக்கப் போராடிய நோயாளர்களுக்கு இந்தச் சிறிய ஆய்வு பெரிய சாட்சி.

முடிவெடுப்பதை எவ்வளவு காலம் தள்ளலாம் என்பதற்கு ஆடுகளிடமிருந்து ஒரு பதில் வந்தது. 1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 12 வெள்ளாடுகளுக்கு ஒரு கருவியைப் பொருத்தினார்கள். இதயம் ஒழுங்குக்கு வரும்போதெல்லாம் அது திரும்பவும் நடுக்கத்தைக் கிளப்பியது. முதலில் சில விநாடியில் தானாக நின்ற நடுக்கம், நாட்கள் போகப்போக நீண்டு, ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலான ஆடுகளில் நிற்காமலே போய்விட்டது. நடுக்கம் சோணையறையைத் தனக்கேற்றபடி மாற்றிவிடுகிறது. நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் ஒழுங்கை மீட்க முயன்றால் பாரிசவாதமும் இதயம் சார்ந்த இறப்பும் குறைவதை 2020இல் 2,789 பேரோடு வெளியான ஐரோப்பிய ஆய்வும் காட்டியது. நாலைந்து வருடம் பார்ப்போம் என்று விட்டபின் வருவதைவிட, முதல் வருடத்தில் இந்தப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

எந்தத் தெரிவை எடுத்தாலும் வீட்டில் செய்யக்கூடியது நிறைய. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் உடல்நிறை கூடிய நோயாளர்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், நிறையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தக்கவைத்தவர்களிடம் நடுக்கமின்றி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியது. அதே நகரில் 120 பேரை மேற்பார்வையோடு உடற்பயிற்சி செய்யவைத்த ஆய்விலும் நடுக்கம் திரும்புவது குறைந்தது. களைப்பாக இருக்கிறவரிடம் நட என்று சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆனால் படுக்கையிலேயே இருந்தால் தசை கரைந்து, அதே வேலைக்கு இதயம் இன்னும் கூடுதலாக உழைக்கவேண்டி வரும். வெயில் ஏறுமுன் மெரின் டிரைவில் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். மதுபானம் எடுப்பவர்கள் விட்டால் நடுக்கம் குறைவது 2020ஆம் ஆண்டு ஆய்வொன்றில் தெளிவாகவே தெரிந்தது. சந்தைக்குப் போவது, உடுப்புத் தோய்ப்பது, கோயிலுக்குப் போவது எல்லாவற்றையும் ஒரே காலையில் அடுக்காமல் பிரித்துவைப்பதும், பாரத்தை மற்றவர் கையில் கொடுப்பதும் சோம்பலல்ல. குடும்பத்தவர்கள் இதைப் புரிந்துகொண்டாலே பாதிச் சுமை இறங்கும். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நாடி, ஏறிய படிகள், அன்றைய களைப்பு மூன்றையும் சில வாரம் குறித்துக்கொண்டு போனால், வைத்தியர் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியது பல மடங்காகும்.

வயது 80ஐத் தாண்டி, நடுக்கம் நிரந்தரமாகி, மருந்துகளும் வேகத்தை அடக்காமல், அப்லேஷனும் பொருந்தாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. பேஸ்மேக்கர் ஒன்றை வைத்துவிட்டு, நடுவிலுள்ள சோணை இதயவறைக் கணுவை நிரந்தரமாகத் துண்டித்துவிடுவது. அதன்பின் சோணையறை தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும், இதயவறை பேஸ்மேக்கரின் சீரான தாளத்தில் துடிக்கும். அலபாமாவில் அளந்த அந்த 0.8 லீற்றர் வித்தியாசத்தைத் திரும்பப் பெறும் முயற்சி இது. திரும்பிவர முடியாத வழி, வாழ்நாள் முழுக்கப் பேஸ்மேக்கரில் தங்கியிருக்கவேண்டும். ஆகவே மற்ற எல்லாம் பார்த்தபின்தான் செய்வார்கள். செய்த பலருக்கு இளைப்பும் களைப்பும் இறங்குகின்றன. உறைவெதிர்ப்புக் குளிசை மட்டும் அவர்களுக்கும் தொடரும், ஏனென்றால் மேலே சோணையறை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.